தசைச் சிதைவு நோயும் மாற்று வைத்தியமும்: பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார். மகனுக்கு 13 வயது. டூஷேன் வகைத் தசைச் சிதைவு நோய். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை வரிசையில் பக்கத்தில் அமர்ந்தவர்களும், யாரோ எண் கொடுத்து அழைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இந்தக் கேள்விகள்தான். நான் மருத்துவர் அல்ல. எட்டு ஆண்டுகளாக இந்த நோயோடு குடித்தனம் நடத்துகிற தாய். மருத்துவம் பற்றி இங்கே எழுதியிருப்பது எல்லாம் எங்கள் மருத்துவர்கள் பொறுமையாக விளக்கியது. மற்றவை நாங்கள் பட்டு அறிந்தவை.

இது என்ன நோய்? சத்துக் குறைவினால் வருவதா?

சத்துக் குறைவு அல்ல. அதனால்தான் ஆட்டுக்கால் சூப்பும் நாட்டுக்கோழி முட்டையும் எத்தனை கொடுத்தாலும் கால் வலுக்கவில்லை. தசை சுருங்கி விரியும்போது அதன் மேலுறை கிழியாமல் தாங்கிப் பிடிக்க டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் வேண்டும். அதை உண்டாக்கும் மரபணுவில் பிழை இருப்பதால் இந்தப் பிள்ளைகளின் உடலில் அது உருவாவதே இல்லை. நடந்தாலும், ஓடினாலும், படி ஏறினாலும் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. கிழிந்த இடத்தில் காலப்போக்கில் கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. பெரும்பாலான பிள்ளைகள் 10 முதல் 12 வயதுக்குள் நடையை இழக்கிறார்கள். பிறகு கைகள், மூச்சுத் தசைகள், இதயம் என்று நோய் மேலேறுகிறது.

முதலில் எதைப் பார்த்து சந்தேகப்பட்டீர்கள்?

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அவன் எழுந்த விதத்தைப் பார்த்து. முதலில் குப்புறத் திரும்பி, நான்கு கால்களில் நிற்பதுபோல் நின்று, ஒரு கையை முழங்காலில் வைப்பான். பிறகு மறு கையைத் தொடையில். தன் உடம்பைத் தானே ஏணியாக்கி ஏறுவதுபோல் கைகளை மேலே மேலே மாற்றி வைத்து நிமிர்வான். வீட்டில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்து ரசித்தோம். அவனுக்கு அப்போது நாலரை வயது. கெண்டைக்கால் சதை உருண்டு திரண்டு இருக்கும். கால்பந்து வீரனின் கால் என்று அவன் மாமா பெருமைப்பட்டார். அந்தப் பெருத்த கெண்டைக்காலும், குதிகால் படாத நடையும், அடிக்கடி விழுவதும் நோயின் அடையாளங்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

எங்களுக்குக் கல்லீரல் கோளாறு என்றுதானே சொன்னார்கள்?

எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் பல மடங்கு அதிகம். ஒரு தனியார் கிளினிக்கில் ஏழு மாதம் கல்லீரலுக்கு மருந்து கொடுத்தார்கள். என் மாமியார் தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் அல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை கிழியும்போது அங்கிருந்தும் ரத்தத்தில் கலக்கின்றன. பிள்ளை அடிக்கடி விழுகிறான், கண்ணில் மஞ்சள் இல்லை, ஆனால் இந்த அளவுகள் கூடியிருக்கின்றன என்றால் 'சிபிகே பரிசோதனை வேண்டும்' என்று நீங்களே கேளுங்கள். தசையிலிருந்து கசியும் ஒரு நொதியின் அளவைக் காட்டும், செலவு அதிகம் இல்லாத ரத்தப் பரிசோதனை அது. சாதாரணமாக 200-க்குள் இருக்க வேண்டியது என் மகனுக்கு 14,000-க்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகுதான் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோயை உறுதி செய்வது அந்தப் பரிசோதனைதான்; அது இல்லாமல் எந்தச் சிகிச்சைக்கும் பணம் கட்டாதீர்கள்.

இது அம்மாவின் வழியாக வருவது என்கிறார்கள். என் தவறா?

இல்லை. பிழை இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண் பிள்ளைக்கு அது தாயிடமிருந்து மட்டுமே வரும் என்பது உண்மை. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குத் தாயிடமும் பிழை இருப்பதில்லை. கரு உருவாகும்போது புதிதாக நேர்வது. மற்றத் தாய்மார்களும் தெரிந்தா கொடுத்தார்கள்? என் மாமியார் ஓராண்டு என்னோடு பேசவில்லை. மருத்துவர் அவரை அழைத்து உட்காரவைத்து, "அம்மா, உங்கள் கண் நிறம் பேரனுக்கு வந்ததுபோல் இதுவும் வந்தது. யாரும் கேட்டு வாங்கியதும் இல்லை, கொடுத்ததும் இல்லை" என்றார். அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது. மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் கணவரையும் கூடவே அழைத்துப் போங்கள். தாய்க்குப் பிழை உண்டு என்று தெரிந்தால் அவரும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் திருமணத்துக்கு முன் மரபணு ஆலோசனை தேவை.

ஸ்டீராய்டு மாத்திரை உடம்பைக் கெடுத்துவிடும் என்கிறார்களே, கொடுக்கலாமா?

கெடுதல்கள் உண்டு. எங்கள் மகனுக்கு முகம் உப்பியது, எடை கூடியது, கோபம் வந்தது, உயரம் நின்றது. எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம் என்பதால் அவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஏன் கொடுக்கிறோம் என்றால், பிள்ளை நடக்கிற காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டித்து, முதுகு வளைவதையும் மூச்சு குறைவதையும் தள்ளிப்போடுகிறது என்று உறுதியாகக் காட்டப்பட்ட மருந்து இது. பிரெட்னிசலோன், டெஃப்லசகார்ட் இரண்டில் ஒன்றை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் எழுதுவார். காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு. எங்கள் வீட்டில் கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் வாரத்தில் ஒரு நாளைக்குச் சுருங்கின. மகனுக்கு உயிரான அத்தோ (பர்மா நூடுல்ஸ்) மாதம் ஒரு முறைதான். உப்பைக் குறைத்தால் முகம் உப்புவது குறைவதைக் கண்ணால் பார்த்தோம்.

சித்தா, வர்மம், ஆயுர்வேதம் – இவற்றால் குணமாகுமா?

இதுவரை எந்த வைத்தியத்தாலும் குணமாகவில்லை. நாங்கள் நான்கு ஆண்டுகளில் ஆறு வைத்தியர்களைப் பார்த்தோம். என் தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது அதற்குத்தான்.

அதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மகனுக்கு ஏழு வயது. காசிமேட்டில் இருக்கும் உறவினர் ஒருவர், பொன்னேரிப் பக்கம் ஒரு வைத்தியர் இதே நோய் வந்த பையனை ஓட வைத்திருக்கிறார் என்றார். போனோம். ஒரு மண்டலம், அதாவது 48 நாள் மருந்து, 30,000 ரூபாய். "இங்கிலீஷ் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள், அது இருந்தால் என் மருந்து ஏறாது" என்றார். நிறுத்தினோம். ஆறாவது நாள் பிள்ளை வாந்தி எடுத்தான். ஏழாவது நாள் காலை கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டான்; கை சில்லிட்டிருந்தது. "மருந்து வேலை செய்கிறது, கழிவு வெளியேறுகிறது" என்று தொலைபேசியில் சொன்னார் வைத்தியர். என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

மருத்துவமனையில் சொன்னது இது: வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வெளியிலிருந்து கிடைக்கும்போது, சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பில் அந்தச் சுரப்பே இல்லாமல் போய், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்து, உயிருக்கே ஆபத்து. குறைப்பதாக இருந்தால் மருத்துவர் சொல்லும் படி வாரக்கணக்கில்தான் குறைக்க வேண்டும். நான் எழுதியதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மாத்திரையை நிறுத்து என்று யார் சொன்னாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆனால் அங்கே போன பையன் ஒருவன் நன்றாக நடக்கிறானே?

நானும் அப்படி ஒரு பையனைப் பார்த்தேன். அதனால்தான் நம்பினேன். அதற்கான விளக்கம் இரண்டு ஆண்டு கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் மூலம் கிடைத்தது. ஏறத்தாழ ஆறு, ஏழு வயது வரை இந்தப் பிள்ளைகள் பலர் தாமாகவே கொஞ்சம் முன்னேறுவார்கள். நோய் தின்பதைவிட வளர்ச்சி வேகமாக இருக்கும் காலம் அது. அந்த வயதில் கசாயம் கொடுத்தாலும், தாயத்து கட்டினாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் பிள்ளை போன ஆண்டைவிட நன்றாகப் படி ஏறுவான். பெருமை அந்த நேரத்தில் கையில் இருந்த மருந்துக்குப் போய்விடுகிறது. எட்டு வயதுக்கு மேல் அதே பிள்ளை என்ன ஆனான் என்று யாரும் திரும்பிப் போய்ச் சொல்வதில்லை. நாங்களும் சொல்லவில்லை. அதுபோக, தசைச் சிதைவில் பல வகைகள் உண்டு. பெக்கர் வகை மெதுவாகச் செல்லும்; அந்தப் பையன் 20 வயதிலும் நடப்பான். அவனைக் காட்டி உங்கள் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

பற்பம், செந்தூரம் கொடுக்கலாமா?

நான் கொடுக்க மாட்டேன். பாதரசம், ஆர்செனிக் போன்ற உலோகங்களைச் சேர்த்துச் செய்யும் மருந்துகள் அவற்றில் உண்டு. பெயரும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சில பொட்டலங்களில் ஸ்டீராய்டையே பொடித்துக் கலந்துவிடுகிறார்கள். பிள்ளை ஏற்கெனவே அதைச் சாப்பிடும்போது இரட்டிப்பு அளவு ஆகிவிடும். எதைக் கொடுத்தாலும் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாங்கள் மறைத்தோம், திட்டுவார் என்ற பயத்தில். அவர் திட்டவில்லை, பொட்டலத்தைக் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் மாற்று வைத்தியத்தில் எதுவுமே உதவாதா?

உதவுவது உண்டு. அரும்பாக்கம் அண்ணா மருத்துவமனையில் ஒரு சித்த மருத்துவரைப் பார்த்தோம். மகனை நடக்கவிட்டுப் பார்த்தார், மரபணு அறிக்கையைப் படித்தார். "இதை என்னால் குணப்படுத்த முடியாது தாயே. வலிக்கும் இறுக்கத்துக்கும் எண்ணெய் தருகிறேன். மெதுவாகத் தடவுங்கள், அழுத்தாதீர்கள்" என்றார். ஆறு பேரில் முடியாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்; நான் இன்றும் நம்புவது அவரைத்தான்.

மாலையில் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் தடவி, வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறேன். பிறகு பிசியோதெரபியில் கற்றுக்கொடுத்த நீட்டல். அவன் குதிகாலை என் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, பாதம் முழுவதும் என் முன்கையில் படும்படி வைத்து, மெல்ல அவன் முகத்தை நோக்கித் தள்ளுவேன். கெண்டைக்கால் ரப்பர் பந்துபோல் கெட்டியாக இருக்கும். பதினைந்து எண்ணுவதற்குள் கொஞ்சம் இளகும். முப்பது எண்ணியதும் விடுவேன். ஒரு காலுக்குப் பத்து முறை. அவன் அந்த நேரத்தில்தான் பள்ளிக் கதை எல்லாம் சொல்வான். எண்ணெயால் நோய் நின்றது என்று நான் சொல்லவில்லை. இரவில் 'கால் இழுக்கிறது அம்மா' என்று எழுப்புவது குறைந்தது. நான் அதிலிருந்து எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

நன்றாக உடற்பயிற்சி கொடுத்தால் தசை வளருமே?

வளராது, கிழியும். ஒரு சிகிச்சை மையத்தில் என் மகனைத் தினம் ஐம்பது முறை உட்கார்ந்து எழ வைத்தார்கள். படியில் ஏற்றி இறக்கினார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனது. கிழிந்த தசையின் நிறமி சிறுநீரகம் வழியே வருவதன் அடையாளம் அது. அந்த நிறத்தைப் பார்த்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இறங்கு படி, தோப்புக்கரணம், எடை தூக்குதல் கூடாது. நீட்டல், தண்ணீரில் மிதந்து ஆடுவது, களைக்கும் முன் நிறுத்திவிடும் விளையாட்டு போதும். இரவில் பாதத்தை நேராக வைக்கும் ஸ்பிளிண்ட் அணிவியுங்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். கடன் வாங்கலாமா?

வாங்காதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், ரத்த நோய்கள் சிலவற்றுக்கான சிகிச்சை தவிர, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல்லை விற்பது முறையல்ல என்கிறது. ஆய்வு என்றால் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள்.

வெளிநாட்டில் மரபணு சிகிச்சை வந்துவிட்டதாமே?

வந்திருக்கிறது. அமெரிக்காவில் 2016-இல், குறிப்பிட்ட வகைப் பிழை உள்ள ஏறத்தாழ 13 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் பொருந்தும் எட்டெப்ளிர்சன் ஊசிக்கு அனுமதி கிடைத்தது. 2023-இல் எலிவிடிஸ் என்ற மரபணு சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒரே ஊசி, விலை 32 லட்சம் டாலர், நம் கணக்கில் 25 கோடிக்கும் மேல். 2025-இல் அதைப் பெற்ற, நடக்க இயலாத நிலையில் இருந்த சிறுவர்கள் இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அதன்பின் அந்த நிலையில் உள்ள பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். நம் நாட்டில் அரிய நோய்களுக்கான 2021 தேசியக் கொள்கையில், தேர்ந்தெடுத்த மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இந்த மருந்துகளின் விலைக்கு அது எட்டாது. ஆனாலும் மரபணு அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்தப் புது மருந்து வந்தாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

வேண்டுதல், ஜெபம்?

திருவொற்றியூர் வடிவுடையம்மனிடம் இன்றும் போகிறேன். பக்கத்து வீட்டு அக்கா ராயபுரம் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றுகிறார். அவை எனக்குத் தெம்பு. ஆனால் பிள்ளையின் உடம்பை வைத்து வேண்டிக்கொள்ளாதீர்கள். மலை ஏற வைப்பதாக நேர்ந்துகொண்ட ஒரு குடும்பம் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இதயம், நுரையீரலுக்கு என்ன பார்க்க வேண்டும்?

ஆண்டுக்கு ஒரு முறை எக்கோ, அதாவது இதய ஸ்கேன். பிள்ளைக்கு நெஞ்சில் எந்தத் தொந்தரவும் தெரியாதபோதே இதய மாத்திரை தொடங்குவார்கள்; மறுக்காதீர்கள். மூச்சின் அளவையும் அவ்வப்போது எடுப்பார்கள். எண்ணூர், மணலித் தொழிற்சாலைக் காற்றை மூச்சிழுக்கும் நமக்குச் சளி பெரிய விஷயம். இருமல் வலுக்குறைந்த பிள்ளைக்குச் சாதாரணச் சளியே நிமோனியா ஆகும். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் போடுகிறோம். மகனின் பையில் ஓர் அட்டை எப்போதும் இருக்கிறது: 'டூஷேன் நோய். ஸ்டீராய்டு எடுக்கிறான், நிறுத்தக் கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது சக்சினில்கோலின் கூடாது.' பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுகிறோம்.

பள்ளிக்கு அனுப்புகிறீர்களா?

கட்டாயம் அனுப்புகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் தசைச் சிதைவும் ஒன்று. குறைபாடு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கேட்டபோது தலைமை ஆசிரியை ஒரே வாரத்தில் மாற்றிக்கொடுத்தார். எனக்குத் தாமதமாகத் தெரிந்தது வேறு. மதியம் பாட்டில் நிறையத் தண்ணீர் அப்படியே திரும்பி வரும். கழிப்பறைக்கு யாரையும் தூக்கச் சொல்லக் கூச்சப்பட்டு அவன் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறான். இப்போது பதினொரு மணிக்கு நான் போய் வருகிறேன். உங்கள் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள்.

மாடி வீடு, என்ன செய்வது?

நாங்கள் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் இருந்தோம். நடை நின்றதும் தரைத்தள வீட்டை லீசுக்கு எடுத்தோம். நான்கே மாதத்தில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். இரவில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தெருப் பையன்கள் நால்வர் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவனைத் தூக்கி எதிர்வீட்டு மாடிக்குக் கொண்டுபோனார்கள். வடசென்னையில் தரைத்தளம் எடுப்பவர்கள் வாசலில் இரண்டு படியாவது உள்ள வீடாகப் பாருங்கள். அந்தப் படிக்குச் சாய்தளம் போட்டுக்கொள்ளலாம். மழைக்காலத்துக்கு முன்பே எந்த மாடி, யார் தூக்குவது என்று பேசி வையுங்கள். மாத்திரையும் அட்டையும் உயரத்தில் இருக்கட்டும்.

வெளியே போக மெட்ரோ பெரிய உதவி. 2021-இல் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, லிஃப்டில் இறங்கி, சென்ட்ரலில் மாறி எழும்பூர் போய்விடுகிறோம்.

அரசு உதவி என்ன கிடைக்கும்?

முதலில் மாற்றுத்திறனாளி தேசிய அடையாள அட்டை வாங்குங்கள். தசைச் சிதைவு நோய்க்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. பேட்டரி சக்கர நாற்காலிக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். நடை முழுவதும் நிற்கும்வரை காத்திருக்காமல் முன்பே விண்ணப்பியுங்கள்.

பிள்ளையிடம் சொல்லிவிட்டீர்களா?

அவனுக்கு ஒன்பது வயதில் சொன்னேன். அதற்குள் ஐந்தாவது வைத்தியரைக் கடந்து ஆறாவது வைத்தியரின் கசாயத்தில் இருந்தோம். அந்த நான்கு ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாலும் வைத்தியர் வீட்டுத் திண்ணைகளில் போயின. அவன் நடந்துகொண்டிருந்த காலம் அது. கடற்கரை மணலில் நடக்க வைத்திருக்கலாம் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

ஒரு மாலை, நீட்டல் முடிந்ததும் கேட்டான்: "அம்மா, இதெல்லாம் குடித்தால் நான் ஓடுவேனா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓட மாட்டாய் கண்ணா. வெள்ளை மாத்திரை உன்னை இன்னும் கொஞ்ச நாள் நடக்க வைக்கும். அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. நானும் அப்பாவும் கூடவே இருப்போம்" என்றேன். அவன் வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பிறகு, "அப்படியென்றால் அந்தக் கசாயம் வேண்டாம்தானே?" என்றான்.

அன்று இரவே மீதியைக் கொட்டிவிட்டுப் புட்டியை வெந்நீரில் கழுவினேன். இப்போது அதில்தான் காலுக்குத் தடவும் எண்ணெய் இருக்கிறது.